ஸ்பானிய வினைச்சொல்லின் லத்தீன் வேரைத் தேடுவது எப்படி?

ஸ்பானிய வினைச்சொற்களை மனப்பாடம் செய்து அலுத்துப்போனவர்கள், சொல்லைப் பிடித்துக்கொண்டு லத்தீன் வரை பின்னோக்கி நடந்து பாருங்கள். லத்தீன் தெரியாவிட்டாலும் பரவாயில்லை; பென்சிலும் தாளும் போதும்.

படி 1: வாலைப் பாருங்கள். தூங்குவதற்கு ஸ்பானியச் சொல் 'தோர்மிர்'. கடைசியில் ஒரு ஏகாரம் சேருங்கள்: 'தோர்மிரே'. லத்தீன் வந்துவிட்டது. எல்லாச் சொல்லும் இவ்வளவு சாதுவாக இருக்காது.

படி 2: சொல் ஹெச் எழுத்தில் தொடங்கினால், அங்கே எஃப் போட்டுப் பாருங்கள். இந்த ஹெச் எழுத்தில் மட்டும் உண்டு, வாயில் வராது. செய்வதைக் குறிக்கும் 'ஆசேர்' லத்தீனில் 'ஃபாகெரே'. பேசுவதைக் குறிக்கும் 'ஆப்லார்', 'ஃபாபுலாரி'யிலிருந்து வந்தது. அதற்கு அரட்டையடிப்பது, கதையளப்பது என்று பொருள். நம் பால் கன்னடத்தில் ஹாலு ஆகவில்லையா, அதுபோலத்தான். போர்ச்சுகீசியர் மட்டும் பழைய ஒலியை விடாமல் 'ஃபலார்' என்கிறார்கள். ஆனால் 'ஆபேர்' போன்ற சொற்களில் ஹெச் லத்தீனிலேயே இருந்தது. அங்கே கை வைக்காதீர்கள்.

படி 3: சொல் இரட்டை எல்லில் தொடங்கினால் (வாயில் அது 'ய' என்று வரும்) கிள, ப்ள என்று மாற்றிப் பாருங்கள். 'யாமார்' (அழைத்தல்) 'கிளாமாரே' ஆகும். லத்தீனில் அது கூவுவது. 'யோரார்' (அழுதல்) 'ப்ளோராரே' ஆகும். எனக்குப் பிடித்தது 'யேகார்', வந்து சேர்வது. அதன் மூலம் 'ப்ளிகாரே', மடிப்பது! கரை சேர்ந்த கப்பலில் பாயை மடிப்பதிலிருந்து இந்தப் பொருள் வந்தது என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே லத்தீன் சொல்லில் பிறந்த ருமேனிய 'ப்ளெகா'வுக்குக் கிளம்புவது என்று பொருள். அவர்கள் மடித்தது கூடாரம் என்று விளக்கம் சொல்கிறார்கள்.

படி 4: நடுவில் 'உவெ' வந்தால் 'ஒ' ஆக்குங்கள். 'துவெர்மோ' என்றால் தூங்குகிறேன். அழுத்தம் விழுந்த இடத்தில் பழைய ஒகரம் பிளந்திருக்கிறது. 'தோர்மிமோஸ்', தூங்குகிறோம் என்பதில் அழுத்தம் நகர்ந்துவிடுவதால் ஒகரம் தப்பித்தது.

இனி ஓர் எச்சரிக்கை. ஸ்பானியத்தில் 'போகிறேன்' என்பதற்குச் சொல் 'வோய்'. அவர்கள் உச்சரிப்பதோ ஏறக்குறைய 'போய்'! நம் 'போய்'தான் என்று துள்ளாதீர்கள். அது 'வாதெரே' என்ற லத்தீன் வினையின் மிச்சம். அதே ஸ்பானிய வினையின் பெயர் வடிவமான 'இர்' (போவது) வந்தது 'ஈரே'யிலிருந்து. இறந்தகால 'ஃபுய்', இருத்தலைக் குறிக்கும் லத்தீன் வினையிடம் வாங்கியது. ஒரே வினைக்குள் மூன்று குடும்பங்கள் குடியிருக்கின்றன. நம் வீட்டார் யாரும் அங்கே இல்லை.