ஆசிரியர் அறையில் கற்றல் ஏன் நின்றுபோகிறது: பள்ளித் தலைமை தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட்டார வள மையத்தில் இரண்டு நாள் பயிற்சி முடித்து வரும் ஆசிரியரிடம் மறுநாள் காலை கேட்கப்படும் முதல் கேள்வி, வருகைச் சான்றிதழைக் கொண்டுவந்தாரா என்பதாகத்தான் பல பள்ளிகளில் இருக்கிறது. அங்கே கற்றதில் எதை இந்த வாரம் வகுப்பில் செய்து பார்க்கப்போகிறார், அதற்கு என்ன உதவி தேவை என்று யாரும் கேட்பதில்லை. ஆசிரியர்கள் தொடர்ந்து கற்கும் பழக்கம் வேர்விடாத பள்ளிகளில் ஆசிரியர்களின் ஆர்வமின்மையைக் குறை சொல்வது எளிது. ஆனால் அன்றாட நிர்வாகத்தில் தலைமை செய்துவைத்திருக்கும் ஏற்பாடுகளே பெரும்பாலும் அந்த ஆர்வத்தை அணைத்துவிடுகின்றன என்பது என் கருத்து.

பயிற்சியில் அமர்ந்த நேரத்தையே கற்றலாகக் கணக்கிடுவது முதல் தவறு. தேசியக் கல்விக் கொள்கை 2020, ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் தொழில்சார் வளர்ச்சிக்குச் செலவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. மணிக்கணக்கு நிர்வாகத்துக்கு வசதியானது. வகுப்பறையில் என்ன மாறியது என்பதை அது சொல்லாது. 1980-களில் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர்கள் புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் ஆகியோர் செய்த ஆய்வுகள், விளக்கத்தைக் கேட்பதாலும் செய்துகாட்டுவதைப் பார்ப்பதாலும் மட்டும் கற்பிக்கும் முறை அதிகம் மாறுவதில்லை என்றும், பள்ளிக்குத் திரும்பிய பின் சக ஆசிரியரின் துணையோடு மீண்டும் மீண்டும் செய்து பழகுவதே அதை மாற்றுகிறது என்றும் காட்டின.

தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்றுத்தரத் தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். அதில் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைக்கேற்பப் பிரிக்கப்படுகிறார்கள். ஒரே அறையில் மூன்று நிலைகளையும் வைத்துக்கொண்டிருக்கும் ஆசிரியர், ஒரு குழந்தை அரும்பிலிருந்து மொட்டுக்கு நகர்ந்துவிட்டதா என்பதை எதைக் கொண்டு முடிவு செய்வது? மாநில அளவில் பயிற்சி தரும் கருத்தாளரிடமிருந்து மாவட்டம், வட்டாரம், குறுவள மையம் என்று படிப்படியாக இறங்கிவரும் பயிற்சியில் படிவங்களும் செயல்பாடுகளும் வந்து சேர்ந்துவிடும். அவற்றுக்குப் பின்னுள்ள காரணங்கள் வழியிலேயே தேய்ந்துபோகும். அந்தக் குழந்தையின் நோட்டை நடுவில் வைத்து அதே பள்ளியின் ஆசிரியர்கள் பேசும்போதுதான் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்.

அந்தப் பேச்சில் தலைமையாசிரியர் இல்லாமல் போவது இரண்டாவது தவறு. எல்லாவற்றிலும் பெரிய தவறாக நான் கருதுவதும் இதைத்தான். நியூசிலாந்தின் விவியன் ராபின்சனும் உடன் ஆய்வாளர்களும் பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்து 2008-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், பள்ளித் தலைமையின் செயல்களை ஐந்து வகையாகப் பிரித்து, மாணவர் கற்றலோடு அவற்றுக்குள்ள தொடர்பை ஒப்பிட்டார்கள். ஆசிரியர்களின் கற்றலை ஊக்குவிப்பதோடு அதில் தலைவர் தாமும் கலந்துகொள்வதே எல்லாவற்றிலும் வலுவான தொடர்பைக் காட்டியது. எமிஸ் என்னும் கல்வித் தகவல் தளத்தில் பதிவு, உதவித்தொகைப் பட்டியல், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் என்று தலைமையாசிரியரின் நாள் கரைந்துவிடுகிறது என்பது மறுக்க முடியாத உண்மை. ஆயினும் வாரத்தில் ஒரு பாடவேளை அவர் ஆசிரியர்களோடு அமர்ந்து, "பின்னத்தை நான் நடத்தியபோதும் பிள்ளைகள் இங்கேதான் தடுமாறினார்கள், வேறு வழி உண்டா, சேர்ந்து பார்ப்போம்" என்று சொன்னாரானால், மற்றவர்களும் தமக்குத் தெரியாததை வாய்விட்டுச் சொல்லத் துணிவார்கள். எல்லாம் தெரிந்தவராக அவர் தோற்றமளிக்கும் வரை அந்த அறையில் யாரும் சந்தேகம் கேட்கமாட்டார்கள்.

வகுப்பைப் பார்வையிடுவதையும் ஆய்வு செய்வதையும் ஒன்றாகக் குழப்புவதும் இதே அச்சத்தை வளர்க்கிறது. பதிவேட்டில் குறை எழுதும் கையோடு ஒருவர் கடைசி பெஞ்சில் வந்து அமர்ந்தால், ஆசிரியர் ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த பாடத்தைத்தான் நடத்துவாரே தவிர, தடுமாறும் பாடத்தை நடத்தமாட்டார். ஜப்பானியப் பள்ளிகளில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வழக்கத்தில் உள்ள பாட ஆய்வு முறையில், ஆசிரியர்கள் குழுவாகச் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுகிறார்கள். ஒருவர் நடத்த, மற்றவர்கள் மாணவர்கள் எங்கே யோசித்தார்கள், எங்கே நின்றுபோனார்கள் என்பதைக் குறித்துக்கொள்கிறார்கள். திட்டம் எல்லோருடையது என்பதால், பாடம் சரியாக அமையாவிட்டால் அந்தக் குறை நடத்தியவர் ஒருவர் தலையில் விழுவதில்லை. முதலில் பார்வைக்குத் திறந்துவிட வேண்டியது தலைமையாசிரியரின் வகுப்பையே.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. மாதாந்திர ஆசிரியர் கூட்டத்தில் சுற்றறிக்கைகளை வரிக்கு வரி வாசிப்பதை நிறுத்தினாலே அரைமணி நேரம் கிடைத்துவிடும். சுற்றறிக்கையை அவரவரே படித்துக் கையொப்பமிடலாம். அந்த அரைமணியில் ஒவ்வொருவரும் மூன்று மாணவர் நோட்டுகளைக் கொண்டுவரட்டும். 52-இலிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதியிருக்கும் பிள்ளை கவனக்குறைவால் அப்படி எழுதவில்லை. ஒவ்வோர் இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று தானாக ஒரு விதியை வகுத்துக்கொண்டு, ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறது. அதே பிழை மூன்றாம் வகுப்பு நோட்டிலும் ஐந்தாம் வகுப்பு நோட்டிலும் இருப்பதைச் சேர்ந்து பார்க்கும் ஆசிரியர்கள், "கடன் வாங்குதல்" என்று சொல்லிக்கொடுப்பதற்கு முன் பத்துக்கட்டைப் பிரித்துக் காட்டினோமா என்று தாமாகவே யோசிக்கத் தொடங்குவார்கள். இதற்குக் கருத்தாளரும் வேண்டாம், திரையும் வேண்டாம்.

ஒரே ஆண்டில் நான்கு புதிய முயற்சிகளைத் தொடங்குவதும் தவறு. ஒன்றை எடுத்து இரண்டு பருவமாவது தொடர்ந்தால்தான் அதன் பயன் தெரியும்.

வாரத்தில் சில அரை நாள்கள் மட்டும் வரும் பகுதிநேர ஓவிய, உடற்கல்வி ஆசிரியர்களையும், அலுவலகப் பணியாளர்களையும், சத்துணவு அமைப்பாளரையும் இந்த வட்டத்துக்கு வெளியே நிறுத்திவிடுவது பலரும் கவனிக்காத தவறு. வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை மைதானத்தில் அணியை நடத்துவதை உடற்கல்வி ஆசிரியர் பார்க்கிறார். வெறும் வயிற்றோடு வரும் பிள்ளை யார் என்பது சத்துணவுக் கூடத்துக்குத்தான் முதலில் தெரிகிறது.

கடைசியாக, இவை அனைத்தையும் ஆர்வமுள்ள ஒரு தலைமையாசிரியரின் தோளில் மட்டும் ஏற்றிவைத்தால், பொது மாறுதல் கலந்தாய்வில் அவர் வேறு ஊருக்குப் போகும் நாளிலேயே எல்லாம் முடிந்துவிடும். கூட்டத்தை நடத்தும் பொறுப்பு மாதந்தோறும் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற வேண்டும். எந்தப் பிழையைப் பார்த்தோம், எதைச் செய்து பார்த்தோம், எது பலிக்கவில்லை என்பதை ஒரு சாதாரண நீள நோட்டில் எழுதிவைக்க வேண்டும். புதிய தலைமையாசிரியர் பொறுப்பேற்கும் நாளில் சாவிக்கொத்தோடும் இருப்புப் பதிவேட்டோடும் அந்த நோட்டும் அவர் கைக்குப் போக வேண்டும்.