அரிய ஜெர்மன் குடும்பப் பெயரின் பூர்வீகத்தைத் தேடுவது எப்படி? சீகன்பால்க் பெயரை வைத்து ஒரு செய்முறை

தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட பர்த்தலோமேயு சீகன்பால்க்கை நமக்குத் தெரியும். அவர் பெயரின் பிற்பாதி குடும்பப் பெயர். மியுல்லர், ஷ்மிட் மாதிரி தெருவுக்கு நாலு வீட்டில் இருக்கிற பெயர் இல்லை. ஜெர்மனியிலேயே பலர் கேட்டிராத பெயர். மிஷன் வரலாறு எழுதுகிறவர்கள், பழைய கல்லறைகளைப் பதிவு செய்கிறவர்கள், ஜெர்மன் குடும்பத்தில் சம்பந்தம் வைத்திருக்கிறவர்கள் என்று பலருக்கும் இப்படி ஒரு பெயரின் மூலத்தைத் தேடும் வேலை வந்து சேர்கிறது.

எல்லோரும் முதலில் அகராதியைத் திறந்து பொருள் பார்ப்பார்கள். அங்கேதான் தடம் மாறுகிறது. அரிய பெயருக்கு முதலில் ஊரைப் பிடிக்க வேண்டும். பொருளைக் கடைசியில் பார்க்கலாம். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான்.

படி 1: எழுத்துக்கூட்டல் பட்டியல்

ஒரு தாளில் பெயரை எத்தனை விதமாக எழுதியிருக்க முடியுமோ அத்தனை விதமாகவும் எழுதுங்கள். சீகன்பால்க் கடைசியில் 'ஜி' எழுத்தோடு முடிகிறது. பழைய ஏடுகளில் அதே இடத்தில் 'கே' வரலாம், 'சி-எச்' வரலாம். நடுவில் பாம்பேயின் முதலெழுத்துக்குப் பதில் பாரிஸின் முதலெழுத்து வரலாம். சீகன்பால்க் பிறந்த ஊர் இருக்கும் சாக்சனி மாநிலத்தின் பேச்சில் இந்த இரண்டு ஒலிகளும் கலந்துவிடும். ஒரே 'ப'வை வைத்துக் காலம் தள்ளும் நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை. படித்தவர்கள் லத்தீன் விகுதி சேர்த்து 'சீகன்பால்கியுஸ்' என்று கையெழுத்துப் போடுவதும் வழக்கம்.

பட்டியலில் பலரும் விட்டுவிடுவது பெண்பால் வடிவம். 18-ம் நூற்றாண்டு வரை, சில இடங்களில் அதற்குப் பிறகும், பெண்களின் குடும்பப் பெயரோடு 'இன்' சேர்த்தே எழுதினார்கள். அப்பா சீகன்பால்க், மகள் சீகன்பால்கின். அது வேறு குடும்பம் என்று நினைத்து ஒதுக்கினால் பாதி வம்சம் கையைவிட்டுப் போய்விடும்.

தேடல் தளத்தில் ஒலி அடிப்படையில் தேடும் வசதி இருந்தால், எந்த முறை என்று பாருங்கள். அமெரிக்கத் தளங்களில் பெரும்பாலும் சவுண்டெக்ஸ் இருக்கும். அது முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு மூன்று இலக்கத்தோடு நின்றுவிடும். சீகன்பால்க்குக்கு 'இசட் 251' வரும். சீகன்பைன் என்ற வேறு பெயருக்கும் அதே 251. ஆனால் பெயரை ஒருவர் 'எஸ்' போட்டு ஆரம்பித்திருந்தால் 'எஸ் 251' ஆகிவிடும், தேடலில் சிக்காது. 1969-ல் ஹான்ஸ் யோவாகிம் போஸ்டல் வெளியிட்ட கொலோன் ஒலிமுறை ஜெர்மனுக்காகவே செய்தது. அதில் 'இசட்', 'எஸ்' இரண்டுக்கும் 8. பெயர் முழுவதற்கும் 846154. மேலே சொன்ன 'ஜி', 'கே', 'சி-எச்' வடிவங்கள் எல்லாம் இதே எண்ணுக்குள் வந்துவிடும். சீகன்பைன் 84616 ஆகி விலகிவிடும். இரண்டும் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு கொலோன் முறையை எடுங்கள்.

படி 2: எவ்வளவு அரிது?

இதற்கு நம்பத் தகுந்த இடம், மைன்ஸ் நகரின் அறிவியல் இலக்கியக் கழகம் நடத்தும் ஜெர்மன் குடும்பப் பெயர் மின்னகராதி. எண்ணிக்கையும் வரைபடமும் 2005-ம் ஆண்டுத் தொலைபேசி இணைப்புகளை வைத்துத் தருகிறார்கள். அப்போது சுமார் 2.8 கோடி வீட்டு இணைப்புகள், 8.2 கோடி மக்கள். ஆகவே இணைப்பு எண்ணிக்கையை ஏறக்குறைய 3-ஆல் பெருக்கினால் ஆட்களின் எண்ணிக்கை கிடைக்கும். 40 இணைப்பு என்றால் 120 பேர். மியுல்லர் பெயருக்கு 2.5 லட்சம் இணைப்புகளுக்கு மேல் இருந்தன என்பதை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

இணைப்பு எண்ணிக்கை 10-க்குக் கீழே போனால் இந்தப் பெருக்கலை நம்ப வேண்டாம். எண்ணைப் பட்டியலில் போடாத ஒரு கூட்டுக் குடும்பமே கணக்கைத் தலைகீழாக்கிவிடும்.

படி 3: வரைபடம்

நிதானமாகச் செய்ய வேண்டிய படி இது. கேயோகேன் என்ற கருவியில் பெயரைக் கொடுத்தால் மாவட்டவாரியாக வண்ணம் பூசிக் காட்டும். இரண்டு வகை வரைபடம் உண்டு: மொத்த எண்ணிக்கை, மக்கள்தொகை விகிதம். எண்ணிக்கை வரைபடத்தை மட்டும் பார்த்தால் எந்தப் பெயருக்கும் பெர்லின், ஹாம்பர்க், மியூனிக் நகரங்கள்தான் அடர் நிறமாகத் தெரியும். அங்கே ஆட்கள் அதிகம், வேறு காரணம் இல்லை.

ஒரு கற்பனைக் கணக்கு. பெர்லினில் 20 பேர், ஒன்றரை லட்சம் மக்கள் உள்ள ஒரு மாவட்டத்தில் 12 பேர் என்று வைப்போம். பெர்லின் மக்கள்தொகை 34 லட்சம் என்றால் லட்சத்துக்கு 0.6 பேர்கூட இல்லை. சின்ன மாவட்டத்தில் லட்சத்துக்கு 8 பேர். பூர்வீகம் எந்தப் பக்கம் என்பது இப்போது புரியும்.

விகித வரைபடத்துக்கும் ஒரு வினை உண்டு. மிக அரிய பெயரில், எங்கிருந்தோ குடிபெயர்ந்த ஒரு அப்பாவும் இரண்டு மகன்களும் தனித்தனி இணைப்பு வைத்திருந்தால், அவர்கள் இருக்கும் சின்ன மாவட்டம் கன்னங்கரேலென்று மாறிவிடும். இரண்டு வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒட்டியிருக்கும் மாவட்டங்களிலும் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். பூர்வீக இடத்தைச் சுற்றி ஒரு படர்தல் இருக்கும். குடியேறிய இடம் தனித் தீவாக நிற்கும்.

மாவட்ட எல்லைகளையும் கவனியுங்கள். சீகன்பால்க் பிறந்த புல்ஸ்னிட்ஸ் ஊர், 2008 ஆகஸ்ட் வரை காமென்ஸ் மாவட்டம். அன்று சாக்சனியில் மாவட்டங்களை இணைத்தார்கள். இப்போது பவுட்ஸன் மாவட்டம். பழைய எல்லை போட்ட கருவியும் புதிய எல்லை போட்ட கருவியும் ஒரே ஊரை வேறு வேறு பெயரில் காட்டும். பதற வேண்டாம்.

படி 4: 1945-க்கு முன்னால் போய்ப் பாருங்கள்

தொலைபேசி வரைபடம் நாடு முழுக்கத் தூவிவிட்டது போல இருந்தால், பெயர் கிழக்கிலிருந்து வந்ததா என்று சந்தேகப்படுங்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது சிலேசியா, கிழக்குப் பிரஷ்யா, சுடேட்டன்லாந்து பகுதிகளிலிருந்து சுமார் 1.2 கோடி ஜெர்மானியர்கள் வெளியேறவோ வெளியேற்றப்படவோ நேர்ந்தது. அவர்களின் பெயர்கள் எல்லா மாவட்டத்திலும் சிதறிக் கிடக்கின்றன.

இதற்கு மருந்து, முதல் உலகப் போரின் இழப்புப் பட்டியல்கள். இறந்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் பெயரோடு பல பதிவுகளில் பிறந்த ஊரும் இருக்கும். ஜெர்மன் கணினி வம்சாவளிச் சங்கத்தின் தன்னார்வலர்கள் இதை முழுவதும் தட்டச்சு செய்து, இலவசமாகத் தேடவும் வரைபடமாகப் பார்க்கவும் விட்டிருக்கிறார்கள். தொலைபேசி வரைபடம், இந்த வரைபடம் இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் இதைத்தான் எடுக்கச் சொல்வேன். மூலம் ஃப்ராக்டூர் என்ற பழைய ஜெர்மன் அச்செழுத்தில் இருப்பதால் சில எழுத்துகள் மாறிப் பதிவாகியிருக்கும்: பாம்பேயின் முதலெழுத்து 'வி' ஆகவும், 'கே' 'டி' ஆகவும் தெரியும். படி 1-ல் எழுதிய பட்டியலில் இவற்றையும் சேர்த்துத் தேடுங்கள்.

ஊர் பெயர் கிடைத்ததும் அதே சங்கத்தின் ஊர் அடைவில் சரிபாருங்கள். ஒரே பெயரில் பல ஊர்கள் உண்டு. ஒரே ஊர் இரண்டாகப் பிரிந்தும் இருக்கும். புல்ஸ்னிட்ஸில் ஓடும் ஆறு பழைய காலத்தில் மேல் லவுசிட்ஸ், மைசன் என்ற இரண்டு பகுதிகளுக்கும் எல்லை. அக்கரைப் பகுதி 'மைசன் பக்கம்' என்ற தனி ஊராட்சியாக இருந்தது. ஏட்டில் ஊர்ப் பெயருக்குப் பின்னால் 'எம். எஸ்.' என்று இரண்டு எழுத்து இருந்தால் அது ஆளின் இனிஷியல் இல்லை, அந்தக் கரையின் சுருக்கம்.

படி 5: பதிவேடுகள்

1876 ஜனவரி 1 முதல் ஜெர்மன் பேரரசு முழுவதும் அரசுப் பதிவகங்கள் இயங்கின. பிரஷ்யாவில் 1874 அக்டோபரிலேயே தொடங்கிவிட்டது. பிறப்புப் பதிவு 110 ஆண்டு, திருமணம் 80, இறப்பு 30 ஆண்டு கடந்தால் ஆவணக் காப்பகத்துக்குப் போகும், யாரும் பார்க்கலாம். அவசரமாக ஊர் தெரிய வேண்டுமா? இறப்புப் பதிவைப் பிடியுங்கள். காத்திருப்பு குறைவு, பெற்றோர் பெயரும் பெரும்பாலும் இருக்கும்.

அதற்கு முந்தைய காலத்துக்குத் தேவாலய ஏடுகள்தான் கதி. புராட்டஸ்டண்ட் ஏடுகளுக்கு ஆர்கியோன், இது கட்டணத் தளம். கத்தோலிக்க ஏடுகளுக்கு மாட்ரிகுலா, இலவசம். ஆர்கியோனில் எந்தப் பங்கின் (தேவாலய வட்டாரத்தின்) ஏடு ஏறியிருக்கிறது என்பதைப் பணம் கட்டாமலேயே பார்க்கலாம். முதலில் அதைப் பார்த்துவிட்டு சந்தா எடுங்கள்.

இந்த ஏடுகளின் எழுத்து, கூரன்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்து. இதில் 'ஈ' பார்க்க 'என்' போலவே இருக்கும்; இரண்டு கோடுகளும் நெருக்கமாக இருந்தால் 'ஈ', விலகியிருந்தால் 'என்'. 'யூ'வின் தலையில் ஒரு வளைகோடு இருக்கும். சீகன்பால்க்கின் நடுப்பகுதியில் இந்த 'ஈ'யும் 'என்'னும் அடுத்தடுத்து வருவதால் வெறும் அலைபோலத் தெரியும். அச்சிட்ட எழுத்து அட்டவணையை வைத்துப் போராடாதீர்கள். அந்தப் பாதிரியாரின் கையெழுத்திலிருந்தே அட்டவணை தயாரியுங்கள். மகன், மகள், ஞானஸ்நானம் என்ற சொற்கள் ஒவ்வொரு பதிவிலும் வரும். அவற்றின் ஒவ்வொரு எழுத்தையும் திரையில் வெட்டி ஒரு பக்கத்தில் ஒட்டினால் அரை மணி நேரத்தில் அட்டவணை தயார். டிரான்ஸ்கிரிபுஸ் போன்ற தானியங்கிக் கருவிகள் வாக்கியத்தை நன்றாகவே படிக்கும், அரிய பெயரில்தான் சறுக்கும். பெயரைக் கண்ணால் படித்துவிட்டு மற்றதைக் கருவியிடம் விடலாம்.

தேதியில் இரண்டு கண்ணிகள். '7' என்ற எண்ணோடு 'பெர்' சேர்த்து எழுதியிருந்தால் அது ஜூலை இல்லை, செப்டம்பர். '8 பெர்' அக்டோபர், '9 பெர்' நவம்பர். இரண்டாவது, நாட்காட்டி. பெரும்பாலான புராட்டஸ்டண்ட் பகுதிகளில் 1700 பிப்ரவரி 18-க்கு அடுத்த நாள் மார்ச் 1. அதற்கு முந்தைய நூறாண்டுத் தேதிகள் 10 நாள் பின்தங்கியவை. சீகன்பால்க் 1682-ல் பிறந்தவர். அவர் காலத்து ஏட்டைப் புரட்டினால், அந்த ஊர் அப்போது எந்த நாட்காட்டியில் இருந்தது என்று முதலில் பாருங்கள்.

தேடல் திடீரென்று முட்டி நின்றால் ஆண்டைப் பாருங்கள். கிழக்கு ஃப்ரீஸ்லாந்தில் நெப்போலியன் ஆட்சி 1811-ல் கட்டாயப்படுத்தும் வரை, நம் இனிஷியல் போல அப்பா பெயர்தான் ஓடியது. பிரஷ்ய யூதர்களுக்கு 1812 ஆணைக்குப் பிறகே நிலையான குடும்பப் பெயர். அங்கே முட்டினால் ஏடு தொலைந்துவிட்டது என்று பொருள் இல்லை. அதற்கு முன் அந்தப் பெயரே இருந்திருக்காது.

படி 6: இப்போது பொருள்

'சீக' என்பது ஆடு. 'பால்க்' என்பது உரித்த தோல், தோல்பை, துருத்தி. குழந்தையைத் திட்டும் சொல்லும் அதுவே. இதற்கு, கிரிம் சகோதரர்கள் தொடங்கிய ஜெர்மன் அகராதியின் இணையப் பதிப்பு போதும். தோல் பதனிடுபவரா, தோல் வியாபாரியா, துருத்தி ஊதியவரா, கேலிப் பட்டமா என்று எல்லாப் பக்கமும் கதவு திறந்திருக்கும். லவுசிட்ஸில் வாழும் சோர்பியர்கள் என்ற ஸ்லாவ் இனத்தவரிடம் ஆட்டுத்தோல் போர்த்திய ஒரு பைக்குழல் வாத்தியம்கூட உண்டு. அழகான கதை கிடைத்தது என்று அதைப் பெயரோடு முடிச்சுப் போடாதீர்கள். மிகப் பழைய பதிவுகளில் அந்தக் குடும்பத்தின் தொழில் எழுதியிருந்தால் மட்டுமே ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

மூன்று சோதனைகள் அவசியம். முதலில், அது ஊர்ப் பெயரா? சீகன்ஹால்ஸ் 'ஆட்டுக் கழுத்து' போல ஒலித்தாலும் சிலேசியாவில் ஒரு ஊர். இன்று போலந்தின் குவுஹோவாசி. சீகன்ஹைன் ஹெஸ்ஸனில் உள்ள ஊர். சீகன்ஃபூஸ், 'ஆட்டுக் கால்', பட்டப் பெயர். அடுத்து, வேற்று மொழிப் பெயர் ஜெர்மன் வேஷம் போட்டிருக்கிறதா? லவுசிட்ஸில் இது சர்வ சாதாரணம். நோவாக் என்பது சோர்பிய 'புதியவன்'. கிரெட்ஷ்மார் சோர்பியச் சத்திரக்காரன். கடைசியாக, இன்றைய எழுத்துக்கூட்டலை வைத்துப் பொருள் சொல்லாமல், கிடைத்ததிலேயே பழைய வடிவத்தை வைத்துச் சொல்லுங்கள்.

பெயருக்குக் குலச்சின்னம் அச்சிட்டு விற்கும் தளங்களை அண்டவே வேண்டாம். சின்னம் குறிப்பிட்ட ஒரு வம்சத்துக்கு உரியது. அதே பெயர் வைத்த எல்லோருக்கும் அது பொருந்தாது.

பின்சேர்க்கை: ஏடு இணையத்தில் இல்லாதபோது என்ன செய்வது என்று பலர் கேட்டதால் இது. பங்கு அலுவலகத்துக்கோ திருச்சபைக் காப்பகத்துக்கோ ஜெர்மனில் சின்னதாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பெயரின் எல்லா வடிவங்கள், ஊர், மதப் பிரிவு, 'இந்த ஆண்டுக்கு முன்பின் 5 ஆண்டு' என்ற வரம்பு, எவ்வளவு கட்டணம் வரை சம்மதம் என்பது: இவ்வளவு போதும். கட்டண வரம்பு சொல்லாத கடிதத்துக்கு முதலில் விலைப் பட்டியல்தான் பதிலாக வரும், அதிலேயே சில வாரம் போய்விடும். மிஷனரிகளின் பெயர் என்றால் ஹாலே நகரின் ஃப்ராங்கே அறக்கட்டளைக் காப்பகத்தையும் கேளுங்கள். தரங்கம்பாடியிலிருந்து போன கடிதங்கள் அங்கேதான் இருக்கின்றன. அட்டவணையில் லத்தீன் விகுதியோடும் தேடிப் பாருங்கள்.