கொள்ளுத்தாத்தாவ கோயில் ரெஜிஸ்டர்ல தேடுறது எப்படி

சென்சஸ்ல தேடலாம்னு கிளம்புறவங்க மொதல்ல இத படிச்சிட்டு கிளம்புங்க. இங்கிலாந்துக்காரனுக்கு 1841லேர்ந்து 1921 வரைக்கும் வீடு வீடா பேரோட சென்சஸ் இருக்கு, உக்காந்த எடத்துலயே பாத்துடுறான். மலாயாவுல 1921, 1931, 1947னு எடுத்ததெல்லாம் நம்ம கைக்கு புஸ்தகமாத்தான் வருது, இந்த டிஸ்ட்ரிக்ட்ல தமிழங்க இத்தன பேரு, தெலுங்கங்க இத்தன பேருன்னு எண்ணிக்கைதான். நா பினாங்குல கத்தோலிக்க குடும்பம், எனக்கு வழி தெறந்தது கோயில் ரெஜிஸ்டர்தான் (மாதா கோயில்ல ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எழுதி வைக்கிற புஸ்தகம்), அதனால அதப் பத்திதான் நெறய எழுதப்போறேன்.

ஸ்டெப் 1: வீட்டுல இருக்கிறத தோண்டுங்க

பாட்டியோட சூராட் பெரானாக் (பொறப்பு சர்டிபிகேட்), பழைய ஐசி (அடையாள அட்டை), கல்யாணப் பத்திரிக, தகரப்பெட்டி அடியில கெடக்கிற ஜெபப் புஸ்தகம். ஜெபப் புஸ்தகத்த கண்டிப்பா பாருங்க, பின்னட்டையில யாரு எப்ப பொறந்தாங்கன்னு பென்சில்ல எழுதி வச்சிருப்பாங்க. சில சமயம் இங்கிலீஷ் தேதி இருக்காது, "துந்துபி வருஷம் ஆவணி"ன்னு இருக்கும், பயப்படாதீங்க. தமிழ் வருஷம் 60க்கு ஒருக்கா திரும்பி வரும், துந்துபின்னா 1922 ஏப்ரல்லேர்ந்து 1923 ஏப்ரல், இல்லன்னா 60 வருஷம் முன்ன 1862. எதுன்னு அண்ணன் தம்பி வயச வச்சு நீங்கதான் முடிவு பண்ணணும்.

ஸ்டெப் 2: பேர எல்லா மாதிரியும் எழுதிக்கோங்க

நமக்கு குடும்பப் பேரு கெடையாது, ஐசில இருக்கிற ஏ/எல் (மகன்), ஏ/பிக்கு (மக) பின்னாடி இருக்கிறது அப்பா பேருதான், அதனால ஒவ்வொரு தலைமுறைக்கும் பேரு மாறிட்டே இருக்கும். போதாததுக்கு தோட்டத்து கிராணி (கணக்குப்புள்ள) காதுல விழுந்தத எழுதுவாரு, முத்துசாமிக்கு இங்கிலீஷ்ல யு போடுறவரும் இருக்காரு, ரெண்டு ஓ போடுறவரும் இருக்காரு. ரெண்டையும் தேடுங்க.

கத்தோலிக்க பேர்ல இன்னொரு சிக்கல் இருக்கு, இங்கதான் நா ரெண்டு மாசம் வீணாக்குனேன். கொள்ளுத்தாத்தா பேரு சின்னப்பன், நா சின்னப்பன் சின்னப்பன்னே தேடிட்டு இருக்கேன், கடைசில பாத்தா அவரு "பவுலுஸ்"னு உக்காந்திருக்காரு! பழைய ரெஜிஸ்டர் லத்தீன்ல எழுதுனது. சின்னப்பர்னா பவுல், ராயப்பர்னா பேதுரு, அதனால ராயப்பன் அங்க பேத்ருஸ். அருளப்பன் யோவான்னெஸ், சூசை யோசேபுஸ், இன்னாசி இக்னாசியுஸ். எங்க பாட்டிக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்கும், நாதான் கேக்கல.

ஸ்டெப் 3: எந்தக் கோயில்

பினாங்குன்னா மொதல்ல பினாங் ரோட்டு செயின்ட் பிரான்சிஸ் சேவியர், அது தமிழங்க கோயில். கேஎல்ன்னா (கோலாலம்பூர்) புடு பக்கம் செயின்ட் ஆண்டனி. தோட்டத்துல பொறந்தவங்கன்னா பக்கத்து டவுன் பங்குல (அந்த வட்டாரத்து மாதா கோயில்ல) கேளுங்க, சாமியாரு தோட்டத்துக்கு வந்து ஞானஸ்நானம் குடுத்துட்டு போயி அங்கதான் பதிவாரு. ஆபிஸ்க்கு நேரா போயி நிக்காதீங்க, முன்னாடியே போன் பண்ணி பேரு, அப்பா பேரு, ஏறக்குறைய எந்த வருஷம்னு சொல்லி வையுங்க. நா ஒரு எடத்துல (பேரு வேணாம்) சொல்லாம கொள்ளாம போயி, பசியாறக்கூட இல்லாம மூனு மணி நேரம் பெஞ்ச்ல உக்காந்துட்டு வெறுங்கையோட வந்தேன்.

ஸ்டெப் 4: படிக்கிறது

லத்தீன் தெரியலன்னா பரவால்ல, பத்து வார்த்த போதும். நாத்துஸ்னா பொறந்தான், பிலியுஸ் மகன், பிலியா மக, ஒபீட் செத்துட்டாரு. மாசத்துல ஏமாந்துடாதீங்க, "7பிரிஸ்"னு இருந்தா ஜூலை இல்ல, செப்டம்பர்! லத்தீன்ல செப்டெம்னா ஏழு, அத வச்சு சுருக்கி எழுதுறது. 8 போட்டா அக்டோபர், 9 போட்டா நவம்பர், எக்ஸ் போட்டா டிசம்பர்.

அடுத்து பாட்ரினுஸ், மாட்ரினான்னு ரெண்டு பேரு இருக்கும், ஞானத்தகப்பன் ஞானத்தாய். எல்லாரும் இத தாண்டி போயிடுறாங்க, தாண்டாதீங்க. நம்மாளுங்க ஞானத்தகப்பனா யார கூப்புடுவாங்க, மாமன், சித்தப்பா, ஒரே ஊருலேர்ந்து கப்பலேறி வந்தவரு, இவங்களத்தான். அந்த ஆளோட பதிவ தேடிப் போனா உங்க ஊரு பேரு அங்க இருந்தாலும் இருக்கும்.

ஓரத்துல பொடி எழுத்துல கிறுக்கி இருக்கிறதையும் போட்டோ எடுங்க. 1908லேர்ந்து கல்யாணம் எந்தக் கோயில்ல நடந்தாலும் ஞானஸ்நான ரெஜிஸ்டர்ல குறிச்சு வைக்கணும்னு ரூல், அதனால அந்தக் கிறுக்கல்தான் உங்கள அடுத்த பங்குக்கு கூட்டிட்டு போகும். எங்க தாத்தாவோட தங்கச்சி எங்க போனாங்கன்னே தெரியாம இருந்துச்சு, ஓரத்துல "ஈப்போ"ன்னு (பேராக் மாநிலத்து டவுன்) ஒரே வார்த்த.

ஸ்டெப் 5: கல்லறையும் கடலுக்கு அந்தப் பக்கமும்

வெஸ்டர்ன் ரோடு கல்லறையில தமிழ்ல எழுதுன கல்லு இருக்கு, ஊரு பேரு வெட்டியிருந்தா லாட்டரிதான். காலையில வெயில் சாஞ்சு விழும்போது போங்க, தேஞ்ச எழுத்து அப்பதான் தெரியும்.

ஊரு பாண்டிச்சேரி, காரைக்கால்னா அது பிரெஞ்சுக்காரன் ஆண்ட எடம், அவன் பொறப்பு எறப்பு பதிவெல்லாம் பிரான்ஸ் ஆர்கைவ்ஸ் ஆன்லைன்ல ஃப்ரீயா போட்டிருக்கான். தஞ்சாவூர், திருச்சி பக்கம்னா அந்த ஊரு பங்குச் சாமியாருக்கு லெட்டர் போடுங்க, தமிழ்லயே எழுதுங்க, தாத்தா பேர சின்னப்பன்னும் பவுலுஸ்னும் ரெண்டு மாதிரியும் குறிப்பிடுங்க. நா போட்ட லெட்டருக்கு அஞ்சு மாசம் கழிச்சு உபதேசியாரு (சாமியாருக்கு ஒத்தாசையா கோயில்ல இருக்கிறவரு) கைப்பட பதில் எழுதுனாரு, உள்ள அவரு தேடிக் கண்டுபிடிச்ச நாலு பேரு.