தரைக்கு அடியில் குழாய் ஒழுகுகிறதா? டைல்ஸை உடைக்கும் முன்

சுவரின் அடிப்பகுதி பொருக்காக உதிர்கிறது, ஒரு மூலையில் மட்டும் டைல்ஸ் இணைப்பு காயவே மாட்டேன் என்கிறது, மோட்டாரை முன்பைவிட அடிக்கடி போட வேண்டியிருக்கிறது. இந்த நிலையில் ஈரம் தெரியும் இடத்தையே உடைப்பதுதான் பெரிய தவறு. பேஸ்மெண்டில் நிரப்பிய மண்ணுக்குள் தண்ணீர் சரிவு பார்த்து ஓடும். ஒழுகும் இடம் பத்தடி தள்ளிக்கூட இருக்கும்.

எந்த லைன் என்று முதலில் பிரியுங்கள். இரவு எல்லாக் குழாய்களையும், ஃபிளஷ் டேங்க் ஆங்கிள் காக்குகளையும் மூடிவிட்டு மாடித் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்து வையுங்கள். விட்டம் ஒரு மீட்டர் உள்ள தொட்டியில் 1 செ.மீ. இறங்கினால் சுமார் 8 லிட்டர் போயிருக்கிறது. மறுநாள் இரவு தொட்டி வால்வையும் மூடிப் பாருங்கள். அப்போது மட்டம் நின்றால் குற்றவாளி குழாய். அப்போதும் இறங்கினால் தொட்டியோ வால்வோதான். மோட்டார் ஓடாதபோது சம்ப் மட்டம் குறைந்தால் சம்பையே சந்தேகப்படுங்கள். மோட்டார் ஓடிய பிறகு மட்டும் ஈரம் கூடினால் மேலேற்றும் லைன். குளித்த பிறகு மட்டும் கூடினால் கழிவுநீர்க் குழாய். அதன் வெளிவாயை அடைத்து, நானி டிராப் (குளியலறைத் தரையில் தண்ணீர் இறங்கும் வாய்) வரை நீர் நிரப்பி, ஒரு மணி நேரம் மட்டத்தைக் கவனித்தால் போதும்.

நல்ல தண்ணீர் லைன்தான் என்று தெரிந்தால் கைப் பிரஷர் பம்ப் வேண்டும். தொட்டி ஏழு மீட்டர் உயரத்தில் இருந்தாலும் கீழே கிடைக்கும் அழுத்தம் 0.7 பார்தான், அந்த அழுத்தத்தில் ஒழுகல் சத்தமே போடாது. கருவி கொண்டுவந்து கேட்பவர்கள் பலர் வெறுங்கையோடு திரும்புவது இதனால்தான். கீசரைக் கழற்றி அந்த முனைகளுக்கு பிளக் போடுங்கள். தொட்டிப் பக்க வால்வை நம்பாதீர்கள், அங்கும் பிளக் அவசியம். உயரமான குழாய் வழியே காற்றை வெளியேற்றிவிட்டு, சிபிவிசி (வெந்நீரையும் தாங்கும் பிளாஸ்டிக் குழாய்) லைனை 5 பார் வரை ஏற்றுங்கள். பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) லைனுக்கு 3 பாரைத் தாண்ட வேண்டாம். பதினைந்து நிமிடத்தில் பம்பின் அழுத்தமானி முள் தெளிவாக இறங்கினால் ஒழுகல் உறுதி. அழுத்தத்தைத் தக்கவைத்துக்கொண்டே, நள்ளிரவு அமைதியில், நீண்ட இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றி மறுமுனையில் காதை வைத்துக் கேளுங்கள். சீறல் எங்கே உச்சமோ அங்கேதான் தோண்ட வேண்டும்.

தோண்டித்தான் ஆக வேண்டுமா என்பதும் ஒரு கேள்வி. லைன் ஜிஐ என்றாலோ, இது இரண்டாவது ஒழுகல் என்றாலோ தோண்டாதீர்கள். துரு ஓரிடத்தில் நிற்காது. பழைய லைனின் இரு முனையையும் எண்ட் கேப் போட்டு அடைத்துவிட்டு, வெளிச்சுவர் வழியே புது லைன் இழுப்பதே என்றைக்கும் நல்லது.

சிபிவிசியில் ஒற்றை ஒழுகல் என்றால் கட்டர் வைத்து ஓரடி அகலத்துக்குத் தரையை அறுத்துக் கையால் தோண்டுங்கள். பிளிந்த் பீமை (சுவரைத் தாங்கும் அடித்தளக் காங்கிரீட் உத்திரம்) கொத்தவே கூடாது. ஒழுகலின் இரு பக்கமும் மூன்றடி திறந்தால்தான் குழாயை வளைத்துக் கப்ளிங்கை (இரு குழாய்களை இணைக்கும் துண்டு) ஏற்ற முடியும். முனை முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் ஒட்டாது. சிபிவிசிக்கு உரிய சால்வென்ட் சிமெண்டைக் குழாய்க்கு வெளியிலும் கப்ளிங்குக்கு உள்ளேயும் பூசி, கால் சுற்று திருப்பித் தள்ளி, அரை நிமிடம் பிடியுங்கள். யுபிவிசி (குளிர்நீர்க் குழாய்) பசை இதற்கு உதவாது. 24 மணி நேரம் கழித்து மறுபடி அழுத்தம் ஏற்றி, ஒரு மணி நேரம் முள் நின்றால் மட்டும் மூடுங்கள்.

மூடும்போது குழாயின் கீழும் மேலும் 10 செ.மீ. மணல். தோண்டி எடுத்த கல்லும் ஜல்லியும் குழாயைத் தொட்டால் அதே இடத்தில் மறுபடி விரிசல் வரும். பீமைத் தாண்டும் இடத்தில் ஒரு அங்குலக் குழாய்க்கு இரண்டங்குல ஸ்லீவ் (வெளியுறைக் குழாய்) கொடுங்கள். கட்டடம் சற்று அமர்ந்தாலும் குழாய் நறுக்கப்படாது. சுற்றியுள்ள தரையைத் தட்டிப் பாருங்கள். டொக்கென்று ஒலித்தால் மண் கரைந்து கீழே பள்ளம் விழுந்திருக்கலாம். அங்கேயும் திறந்து 15 செ.மீ. அடுக்குகளாக மணல் போட்டு, தண்ணீர் விட்டு இறுக்குங்கள். மேலே 10 செ.மீ. காங்கிரீட் போட்டு ஏழு நாள் நனைத்த பிறகே டைல்ஸ்.

ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடினால் அதன் இரு முனைகளிலும் பென்சிலால் தேதி எழுதி வையுங்கள். ஒழுகலை நிறுத்திய பிறகும் அது நீண்டால், குறிப்பாகக் கரிசல் மண் நிலத்தில், கட்டுமானப் பொறியாளரை உடனே அழைத்துக் காட்டுங்கள்.