பிள்ளைகளின் பாதத்தைப் பார்த்து, அளந்து, ஷூ வாங்குவது எப்படி? சேலத்துப் பெற்றோருக்கு ஒரு செய்முறை

பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தை ஒட்டிச் சேலத்தின் செருப்புக் கடை எதற்குள் நுழைந்தாலும், "வளர்ற பிள்ளைங்க, ரெண்டு சைஸ் பெருசாவே எடுத்துக்கோங்க" என்ற யோசனை காதில் விழும். கேட்பதற்குச் சிக்கனமாகத் தெரியும் இந்த யோசனையைப் பின்பற்றினால், பெரிய ஷூவுக்குள் பாதம் முன்னும் பின்னும் வழுக்குவதால் பிள்ளை விரல்களை மடக்கிப் பிடித்தபடியே நடக்கப் பழகுகிறது. குதிகாலில் கொப்புளம் வருகிறது. ஓடும்போது தடுக்கி விழுகிறது. சிறிய ஷூவோ விரல்களை நெருக்கி, நகத்தைச் சதைக்குள் தள்ளிவிடும். பிறக்கும்போது பாத எலும்புகளில் பெரும்பகுதி குருத்தெலும்பாகவே இருந்து, பதின்பருவத்தின் பிற்பகுதியில்தான் முழுமையாக இறுகுகிறது என்பதால், இறுக்கமான ஷூவிலும் பெரிதாக வலி தெரியாமலே பாதம் வளைந்து கொடுத்துவிடும். ஆகவே பிள்ளை தானாக வந்து சொல்லும் என்று காத்திருக்காமல், நாமே பார்த்து அளந்துகொள்ள வேண்டும்.

1. முதலில் வெறுங்காலைப் பாருங்கள்

வாரம் ஒருமுறை, குளித்து முடித்ததும், இரு பாதங்களையும் நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். விரலிடுக்கில் தோல் வெளுத்து, ஊறி, உரிந்தால் சேற்றுப்புண் தொடங்கியிருக்கலாம். சுண்டுவிரலின் மேற்புறமோ குதிகாலின் பின்புறமோ சிவந்திருந்தால், இப்போது போடும் ஷூ அந்த இடத்தில் உரசுகிறது. நகங்களை, நீரில் ஊறி மென்மையாக இருக்கும்போதே, ஓரங்களைக் குடையாமல் நேராக வெட்டிவிடுங்கள்.

கொலுசுக்குப் பேர்போன ஊர் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கொலுசை மேலே தள்ளி, அதன் அடியில் உள்ள தோலையும் பாருங்கள். சாக்ஸுக்குள் அடைபட்ட கொலுசின் முத்துகளும் திருகாணியும் தோலில் பதிந்து தடம் விழும். வியர்வை தேங்கி அரிக்கும். பள்ளி நாட்களில் கழற்றி வைப்பதே நல்லது. வீட்டுப் பாட்டி அதற்கு இசையவில்லை என்றால், கொலுசுக்குக் கீழேயே முடிந்துவிடும் குட்டைச் சாக்ஸாவது வாங்கலாம்.

ஈரக்காலோடு சிமெண்டுத் தரையில் நிற்கும் சிறு பிள்ளையின் தடத்தில் உட்புற வளைவு இல்லாததைக் கண்டு பலர் பயந்துவிடுகிறார்கள். சிறு வயதில் உள்ளங்காலில் கொழுப்புப் படலம் இருப்பதால் தட்டையாகத் தெரிவது இயல்பே. வளைவு பள்ளிப் பருவத்தில் மெல்ல மெல்ல உருவாகும். குதிகாலைத் தூக்கி நுனிவிரலில் நிற்கச் சொல்லுங்கள். அப்போது வளைவு தெரிந்து, வலியும் இல்லையென்றால், கடைக்காரர் எடுத்து நீட்டும் விலை உயர்ந்த தனிவகைச் சோல் தேவையில்லை.

2. மாலையில் அளந்து பாருங்கள்

நாள் முழுவதும் நடந்த பாதம் மாலையில் சற்று உப்பியிருக்கும் என்பதால் அந்த வேளையே அளப்பதற்கு ஏற்றது. பள்ளிக்குப் போடும் சாக்ஸை அணிவித்து, சுவரை ஒட்டி விரித்த வெள்ளைத்தாளின் மேல் குதிகால் சுவரில் படும்படி நிற்க வையுங்கள். உட்கார வைத்து அளந்தால் நீளம் குறைவாகக் காட்டும். எடை முழுவதும் இறங்கினால்தான் பாதம் தன் உண்மையான அளவுக்கு விரியும். பென்சிலைச் சாய்க்காமல் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு இழுங்கள். மிக நீண்ட விரல் கட்டைவிரலாகத்தான் இருக்கும் என்பதில்லை. சிலருக்கு இரண்டாம் விரல் நீண்டிருக்கும். இரு கால்களையும் அளந்து, பெரியதையே கணக்கில் கொள்ளுங்கள்.

3. கூட்டல் கணக்கு

பாதத்தின் நீளத்துடன் ஏறத்தாழ 1.2 செ.மீ. சேர்த்தால் ஷூவின் உள்நீளம் கிடைக்கும். 16.8 செ.மீ. பாதத்துக்கு உள்நீளம் 18 செ.மீ. இருக்க வேண்டும். மூன்று முதல் ஆறு வயது வரை பாதம் மாதத்துக்குச் சுமார் 1 மி.மீ. வளர்வதால், ஜூனில் விட்ட இடைவெளியில் பாதியை அரையாண்டுத் தேர்வுக்குள் பாதம் எடுத்துக்கொண்டிருக்கும். மூன்று வயதுக்குள் வளர்ச்சி இன்னும் வேகமானது. ஆகவே சிறு குழந்தைகளுக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும், பள்ளிப் பிள்ளைகளுக்கு நான்கு மாதங்களுக்கு ஒருமுறையும் அளக்க வேண்டும்.

பிரிட்டிஷ் முறையில் ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 8.5 மி.மீ. வேறுபாடு; ஐரோப்பிய முறையில் சுமார் 6.7 மி.மீ. மேலே சொன்ன 1.2 செ.மீ. போதாதென்று பிரிட்டிஷ் அளவில் இரண்டு சைஸ் கூட்டினால், இன்னும் 17 மி.மீ. வெற்றிடம் சேர்ந்துவிடும் என்பதை வைத்தே கடைக்காரரின் யோசனையை எடை போடலாம்.

சைஸ் எண்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், எண்ணை நம்பாதீர்கள். கோட்டு வரைபடத்தின் முன்பக்கம் 1.2 செ.மீ. கூட்டி, தாளைப் பாத வடிவில் வெட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

4. கடையில் பார்க்க வேண்டியவை

ஷூவின் உள் சோலைக் கழற்ற முடிந்தால், வெட்டிய தாளை அதன் மேல் வைத்துப் பாருங்கள். முடியாவிட்டால் தாளையே ஷூவுக்குள் நுழைத்துப் பாருங்கள்: முன்பக்கம் மடங்கினால் நீளம் போதாது, பக்கங்கள் சுருண்டால் அகலம் போதாது. அகலத்தைப் பலரும் கவனிப்பதில்லை. சென்னையில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய நாடு தழுவிய அளவீட்டில், நம்மவர் பாதம் ஐரோப்பியரின் பாதத்தைவிட அகலமானது என்று தெரியவந்துள்ளது; ஐரோப்பிய அச்சில் செய்த ஷூ நீளத்தில் சரியாக இருந்தும் சுண்டுவிரலைக் கடிப்பதற்கு அதுவே காரணம்.

அடுத்து, ஷூவை இரு கையாலும் வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடங்கும் முன்பகுதியில் வளைய வேண்டும், நடுவில் வளையக் கூடாது. குதிகால் பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் எளிதில் அமுங்கக் கூடாது. லேஸோ ஒட்டும் பட்டையோ இருப்பது நல்லது. வெறுமனே நுழைத்துக்கொள்ளும் ஷூவைக் கழலாமல் பிடித்துக்கொள்ளவும் விரல்கள்தான் உழைக்க வேண்டியிருக்கும். இரண்டு காலிலும் போட்டு, கடைக்குள் நன்றாக நடக்க விட்ட பிறகு கழற்றிப் பாதத்தைப் பாருங்கள். சிவப்புத் தடம் விழுந்திருந்தால் அது வேண்டாம். "போடப் போடச் சரியாகிவிடும்" என்பது பிள்ளைகளின் ஷூவுக்குப் பொருந்தாது.

அண்ணன் போட்டுத் தேய்த்த ஷூவைத் தம்பிக்குக் கொடுப்பது வீட்டுக்கு வீடு நடப்பதுதான். சோல் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தால் மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

5. வெயிலும் ஈரமும்

சேலத்து வெயிலில் கறுப்பு ஷூவுக்குள் கால் வெந்துபோகிறது. பருத்திச் சாக்ஸைத் தினமும் மாற்றி, வீட்டுக்கு வந்ததும் கழற்றி, விரலிடுக்கைக் கழுவி ஈரம் போகத் துடைக்க வேண்டும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் சிக்கலே வேறு: மழைக்காலத்தில் நனைந்த ஷூ இரண்டு நாளானாலும் காய்வதில்லை. உள் சோலைக் கழற்றி, செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, தாள் ஈரமானதும் மாற்றிக்கொண்டே இருங்கள். அடுப்பருகே வைத்தால் பசை விட்டுப்போகும். மலையில் இரண்டு ஜோடி வைத்துக்கொள்வதை ஆடம்பரமாக நினைக்க வேண்டாம். மலையானாலும் சமவெளியானாலும், காலை நுழைக்கும் முன் ஷூவைக் கவிழ்த்துத் தட்டுவது நல்லது. தேள் ஒளிந்துகொள்ள இருட்டான ஷூவைவிடத் தோதான இடமில்லை.

6. எப்போது வெறுங்கால், எப்போது மருத்துவர்

வீட்டுக்குள் வெறுங்காலோடு நடப்பது விரல்களுக்கும் தசைகளுக்கும் நல்ல பயிற்சி. வெளியில் நடக்கத் தொடங்காத குழந்தைக்கு ஷூவே தேவையில்லை. ஆனால் தோட்டத்து ஈர மண்ணிலும், மலம் கழிக்கப்பட்ட இடங்களிலும் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் பாதத்தோல் வழியாக உடலுக்குள் புகுந்து இரத்தசோகையை உண்டாக்கும் என்பதால், அங்கே செருப்பு கட்டாயம். பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பிப்ரவரி, ஆகஸ்ட் மாதக் குடற்புழு நீக்க முகாம்களில் தரப்படும் மாத்திரையையும் தவறவிடாதீர்கள்.

பிறவியிலேயே பாதம் உள்நோக்கித் திரும்பியிருத்தல், மூன்று வயதுக்குப் பிறகும் எப்போதும் நுனிவிரலிலேயே நடத்தல், ஒரு கால் மட்டும் தட்டையாக இருத்தல், விந்தி நடத்தல், இரவில் விழித்து அழும் அளவுக்கு வலி ஆகியவற்றில் எது இருந்தாலும், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு மருத்துவப் பிரிவிலோ அருகில் உள்ள எலும்பு மருத்துவரிடமோ காட்ட வேண்டும். போகும்போது பிள்ளை தினமும் போடும் பழைய ஷூவையும் எடுத்துச் செல்லுங்கள். சோல் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதை மருத்துவர் பார்க்க விரும்பலாம்.