பூனை, நாயின் சிறுநீரைக் கவனிப்பது எப்படி? புதிதாக வளர்ப்பவர்களுக்கு

“மூத்திரம் நன்றாகத்தான் போகிறது, சிறுநீரகத்தில் என்ன கோளாறு வந்துவிடப் போகிறது?” என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். நாள்பட்ட சிறுநீரக நோயில் நடப்பது இதற்கு நேர்மாறு. பழுதான சிறுநீரகத்தால் நீரை உடலுக்குள் திருப்பி இழுத்துக்கொள்ள முடிவதில்லை. அதனால் சிறுநீர் ஏராளமாக, வெளிறிய நிறத்தில் போகும். போன நீரை ஈடுகட்டப் பிராணியும் விடாமல் தண்ணீர் குடிக்கும். ஆகவே சிறுநீர் போகிறதா என்பதோடு நிறுத்தாமல் எவ்வளவு போகிறது, எப்படிப் போகிறது என்றும் பார்க்கப் பழக வேண்டும்.

படி 1: அவசரமா என்று முதலில் பாருங்கள்

மணல் தட்டுக்குத் திரும்பத் திரும்பப் போகிறது, முக்குகிறது, கத்துகிறது, பின்புறத்தை நக்கிக்கொண்டே இருக்கிறது, ஆனால் ஒரு சொட்டுதான் வருகிறது அல்லது அதுவும் இல்லை. ஆண் பூனையிடம் இதைப் பார்த்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு உடனே மருத்துவரிடம் கிளம்புங்கள். ஆண் பூனையின் சிறுநீர்ப்பாதை மிகக் குறுகியது. சிறு படிகங்களும் சளியும் சேர்ந்த அடைப்பே போதும், வழி மூடிவிடும். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பைக் குலைக்கும். கவனிக்காமல் விட்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடலாம். வாந்தியும் சோர்வும் தொடங்கிவிட்டால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள்.

இந்த முக்கலை மலச்சிக்கல் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். சந்தேகம் இருந்தால் அடைப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றை அழுத்திப் பார்க்க வேண்டாம், காலைவரை காத்திருக்கவும் வேண்டாம். ஆண் நாய்க்கும் இது வரும். அதன் ஆணுறுப்பில் ஓர் எலும்பு உண்டு. சிறுநீர்க்கல் பெரும்பாலும் அந்த எலும்பின் பின்பக்கம்தான் வந்து சிக்கும்.

படி 2: குடிக்கும் தண்ணீரை அளந்து பாருங்கள்

காலையில் அளந்து ஊற்றுங்கள். மறுநாள் அதே நேரத்தில் மிச்சத்தை அளந்து கழியுங்கள். மூன்று நாள் சராசரி எடுத்து உடல் எடையால் வகுத்தால் போதும். கிலோவுக்கு ஒரு நாளில் நாய் 100 மில்லிக்கு மேலும், பூனை 50 மில்லிக்கு மேலும் குடித்தால் அது அதிகம். அதாவது 10 கிலோ நாய்க்கு 1 லிட்டர், 4 கிலோ பூனைக்கு 200 மில்லி. ஈர உணவு சாப்பிடும் பூனை கிண்ணத்தை அதிகம் தொடாது. அது கணக்கைத் தாண்டிக் குடித்தால் இன்னும் கவனம் தேவை.

அதிகம் குடித்தாலே சிறுநீரகக் கோளாறுதான் என்றில்லை. சர்க்கரை நோய், பூனைக்குத் தைராய்டு மிகைப்பு, கருத்தடை செய்யாத பெண் நாய்க்குக் கர்ப்பப்பைச் சீழ் என்று காரணங்கள் பல. எதுவானாலும் தண்ணீரைக் குறைத்து மட்டும் வைத்துவிடாதீர்கள்.

படி 3: தட்டைப் பாருங்கள்

கட்டியாகும் மணல் இதற்கு வசதி. கட்டிகள் வரவரப் பெரிதானால் சிறுநீரின் அளவு கூடுகிறது. சின்னச் சின்னதாகப் பல கட்டிகள் இருந்தால் சிறுநீர்ப்பையில் எரிச்சல் இருக்கலாம். இளம் பூனைகளுக்குக் கிருமித் தொற்று அபூர்வம். மன அழுத்தத்தோடு தொடர்புடைய, காரணம் பிடிபடாத சிறுநீர்ப்பை அழற்சிதான் அவற்றுக்கு அதிகம் வருகிறது. அதனால் முன்பு மிச்சமான ஆன்டிபயாடிக்கை எடுத்துக் கொடுப்பதில் பயனில்லை.

கருத்தடை செய்த பெண் நாய் தூங்கும்போது படுக்கை நனைந்தால் திட்டாதீர்கள். சிறுநீர்ப்பையின் வாயிலை இறுக்கிப் பிடிக்கும் தசை தளர்ந்திருக்கலாம். இதற்கு மருந்து உண்டு.

படி 4: மாதிரி பிடிப்பது

காலையின் முதல் சிறுநீர் நல்லது. நாயைக் கயிற்றில் பிடித்தபடி, அது உட்கார்ந்ததும் பின்னாலிருந்து ஒரு சுத்தமான தட்டையான பாத்திரத்தை நீட்டுங்கள். முதல் சில சொட்டுகளை விட்டுவிடலாம். பூனைக்கு, கழுவிக் காயவைத்த தட்டில் நீர் உறிஞ்சாத மணிகளைப் போட்டு வையுங்கள். பின்பு சிரிஞ்சால் உறிஞ்சி மூடியுள்ள புட்டியில் ஊற்றி, ஓரிரு மணி நேரத்துக்குள் கொண்டு போங்கள். முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஆனால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். குளிரில் புதிதாகப் படிகங்கள் தோன்றக்கூடும். கிருமி வளர்ப்புச் சோதனைக்கு இப்படிப் பிடித்த சிறுநீர் சரிப்படாது. மருத்துவரே ஊசியால் நேராகச் சிறுநீர்ப்பையிலிருந்து எடுப்பார். பார்க்கத்தான் பயமாக இருக்கும், சட்டென்று முடிந்துவிடும்.

படி 5: ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது

முதலில் சிறுநீரின் ஒப்படர்த்தி, அதாவது வெறும் தண்ணீரோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு செறிவானது என்ற அளவு. நாய்க்கு 1.030, பூனைக்கு 1.035 தாண்டினால் சிறுநீரகம் பொதுவாக நன்றாகவே செறிவாக்குகிறது. ஒரே ஒரு முறை குறைந்திருந்தால் பதற வேண்டாம். திரும்பவும் பார்க்கச் சொல்வார்கள். தசையிலிருந்து வரும் கழிவான கிரியாட்டினினைச் சிறுநீரகம்தான் வெளியேற்றுகிறது. இரத்தத்தில் அது பிந்தித்தான் ஏறும், சிறுநீரகத்தின் ஏறக்குறைய முக்கால் பங்குத் திறன் போன பிறகு. வயதாகித் தசை வற்றிய பூனைக்கு அப்போதும் குறைவாகவே காட்டி ஏமாற்றும். எஸ்டிஎம்ஏ (SDMA) என்ற இன்னொரு இரத்தச் சோதனை அதைவிட முன்னதாகக் காட்டிக்கொடுக்கும். இவற்றை வைத்து ஐரிஸ் (IRIS) என்ற சர்வதேசச் சிறுநீரக நிபுணர் குழுவின் முறையில் நோயை 4 நிலைகளாகப் பிரிப்பார்கள். சிறுநீரில் புரதம், இரத்த அழுத்தம் இரண்டையும் கூடவே பார்ப்பார்கள்.

கல் இருந்தால் அது எந்த வகை என்று கேளுங்கள். ஸ்ட்ரூவைட் கல்லை உணவு மாற்றத்தால் கரைக்கலாம். நாய்க்குத் தொற்றையும் சேர்த்துக் குணப்படுத்த வேண்டும். கால்சியம் ஆக்சலேட் கரையாது, தொந்தரவு தந்தால் எடுத்தாக வேண்டும். கல்லுக்கான உணவு வேறு, சிறுநீரக நோய்க்கான உணவு வேறு. இரண்டையும் நீங்களாக வாங்கிப் போடக் கூடாது.

படி 6: வீட்டில் செய்ய வேண்டியவை

பூனைக்கு ஈர உணவு பெரிய உதவி. உலர் உணவில் நீர் 10 சதவீதம் போல, ஈர உணவில் முக்கால் பங்குக்கு மேல். தண்ணீர்க் கிண்ணங்களை மணல் தட்டிலிருந்து தள்ளி வையுங்கள். தட்டுகள் பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக இருக்கட்டும்.

லில்லிப் பூ இருக்கும் வீட்டில் பூனை இருக்கக் கூடாது. மகரந்தத்தை நக்கினாலும், பூச்சாடித் தண்ணீரைக் குடித்தாலும் சிறுநீரகம் செயலிழக்கலாம். நாய்க்குத் திராட்சையும் உலர்திராட்சையும் விஷம். மனிதருக்கான வலி மாத்திரைகள் இரண்டுக்குமே ஆகாது. இபுப்ரோஃபென் சிறுநீரகத்தைக் கெடுக்கும், பாராசிட்டமால் பூனையைக் கொன்றேவிடும்.

நாய்க்கு லெப்டோஸ்பைரோசிஸ் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். எலி மூத்திரம் கலந்த நீரிலிருந்து வரும் இந்த நோய் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்கும், மனிதருக்கும் தொற்றும். அதனால் நோயுற்ற நாயின் சிறுநீரைத் துடைக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.