1993 பகா எண்ணா? 12 அடிமானத்தில் சோதிக்கும் முறை

மொரிசியஸ் சுதந்திரம் பெற்ற 1968, குடியரசான 1992, இரண்டையும் 12 அடிமானத்தில், அதாவது பத்துப் பத்தாக அல்லாமல் பன்னிரண்டு பன்னிரண்டாக இடமதிப்பு ஏறும் முறையில், எழுதினால் 1180, 11௰0 (௰ என்பது பத்துக்கான ஒற்றை இலக்கம்). இரண்டும் சுழியில் முடிவதால் இரண்டும் 12-ஆல் வகுபடும். பத்தடிமானத்தில் இது கண்ணில் படுவதில்லை. ஓர் எண் பகா எண்ணா என்பது எழுதும் முறையால் மாறாது. ஆனால் வகுஎண்களைக் கண்டுபிடிக்கும் வேலை வெகுவாகக் குறையும். குடியரசுக்கு அடுத்த ஆண்டான 1993-ஐ எடுத்துப் பார்ப்போம்.

முதலில் குறிகள். பத்துக்கும் பதினொன்றுக்கும் ஒற்றைக் குறி வேண்டும். மொரிசியஸ் ரூபாய்த் தாளில் தமிழ் எண்களைப் பார்த்துப் பழகியவர்கள் பத்துக்கு ௰ போடலாம். பதினொன்றுக்கு ‘ப’ போதும். க, உ, எ, அ வேண்டாம், அவை தமிழ் எண்களோடு குழம்பும். பழைய வழக்கில் ௨௰ இருபது. இங்கே அது 2×12+10, அதாவது 34.

இனி 12-ஆல் வகுத்துக்கொண்டே போங்கள்:

1993 ÷ 12: ஈவு 166, மீதி 1
166 ÷ 12: ஈவு 13, மீதி 10
13 ÷ 12: ஈவு 1, மீதி 1
1 ÷ 12: ஈவு 0, மீதி 1

மீதிகளைக் கீழிருந்து மேலாகப் படித்தால் 11௰1. சரிபார்க்க: 1728+144+120+1=1993. பத்தை இரண்டு இலக்கமாக 11101 என்று எழுதிவிடுவதுதான் அடிக்கடி நேரும் பிழை. அது 22609, அதாவது 23×983. வேறொரு எண்ணையே சோதித்துக்கொண்டிருப்பீர்கள்.

2, 3 தவிர எந்தப் பகா எண்ணும் இங்கே 1, 5, 7, ப ஆகியவற்றில்தான் முடியும். வேறு இலக்கத்தில் முடிந்தால் அதோடு விட்டுவிடலாம். இலக்கங்களின் கூட்டுத்தொகை 11-ஆல் வகுபட்டால் எண்ணும் வகுபடும்: 1991 என்பது 119ப, கூட்டினால் 22, ஆகவே 11×181. 11௰1-இன் கூட்டுத்தொகை 13, தப்பியது.

அடுத்ததுதான் இந்த அடிமானத்தின் அழகு. ராமானுஜனால் புகழ்பெற்ற 1729 இங்கே 1001. அது 7×13×19. ஆகவே வலமிருந்து மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்து, கூட்டல் கழித்தல் மாற்றி மாற்றிச் செய்தால் 7, 13, 19 மூன்றுக்கும் ஒரே சோதனை. 1|1௰1: பத்தடிமானத்தில் 265−1=264. 7-க்கு மீதி 5, 13-க்கு 4, 19-க்கு 17. எதுவும் வகுக்கவில்லை. 1967-இல் (117ப) இதே கணக்கு 239−1=238=7×34 என்று வரும்; ஆகவே அது 7-ஆல் வகுபடும்.

இரண்டிரண்டாகப் பிரித்தால் 101, அதாவது 145=5×29, உதவும். 11|௰1: 121−13=108. 5-க்கு மீதி 3, 29-க்கு 21.

1993-இன் வர்க்கமூலம் 45-க்குள்; ஆகவே அதுவரையுள்ள பகா எண்களைச் சோதித்தால் போதும். எஞ்சியவை 17, 23, 31, 37, 41, 43. இவற்றுக்குக் குறுக்குவழி தேடுவதைவிட நேராக வகுப்பதே விரைவு: மீதிகள் 4, 15, 9, 32, 25, 15. எங்கும் சுழி இல்லை. 1993 பகா எண்.

பத்தடிமானப் பழக்கம் மட்டும் கையைப் பிடித்து இழுக்கும். 1973 இங்கே 1185. ஐந்தில் முடிகிறது, இலக்கங்களைக் கூட்டினால் 15. ஐந்தாலோ மூன்றாலோ வகுபடும் என்று அடித்துவிடாதீர்கள். அது பகா எண். 3-க்கு இங்கே கடைசி இலக்கத்தை மட்டும் பாருங்கள்: 0, 3, 6, 9.